படத்தில் இருப்பது நிஜ அளவு

1

இந்தக் கதை, அணைக்கப்பட்ட ஒரு மைக்கில் பிறந்தது.

திருவொற்றியூரில் ஒரு வாசகர் வட்டம். பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். பத்து நிமிடத்தில் எனக்குத் தொண்டைகூடத் திறக்காது. ஒரு மணி நேரம் கடந்து, கூட்டம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தபோது (எழுந்து போகத்தான்), ஒருவர் வந்து மிகுந்த மரியாதையோடு மைக்கை அணைத்தார். "அடுத்து குழந்தைகள் நடனம் சார். சலங்கை கட்டிக்கினு நிக்குதுங்க."

அந்த நேரத்தில் என் பேச்சில் தேவப்பிரியம் என்ற பெண், முதலாளியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பொறுத்து அவள் கையில் பென்சில் இருக்கும், அல்லது சூடான இரும்பு. அவளை அப்படியே வாசலில் நிற்கவைத்துவிட்டு நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். ஒரு பெண்ணை எத்தனை நாள்தான் நிற்கவைப்பது? அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "1969ஆம் ஆண்டு, காலடிப்பேட்டையில் ஒரு —" அடித்துவிட்டேன். ஆண்டில் தொடங்கினால் பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இரண்டாவது: "கப்பல் சங்கு ஊதியது. தேவப்பிரியத்தின் கன்னத்தில் கண்ணீர் —" இதையும் அடித்துவிட்டேன். கண்ணீர் உண்மை. ஆனால் காரணம் சோகமில்லை, ஈயப் புகை. சோகம் என்று நீங்கள் நம்பிக்கொண்டு நாலு பக்கம் வந்தபின் நான் புகை என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்.

மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

2

'சிட்டு' டிரான்சிஸ்டர் ரேடியோ. காலடிப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் தயாரானது. மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தத்தில், சோதனைக்காகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோக்கள் எல்லாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் சிலோன் ஸ்டேஷன் தெளிவாகக் கேட்கும், மணலிப் பக்கமிருந்து அடித்தால் பாட்டுக்குள் மண்ணெண்ணெய் வாசனை வரும். (இதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எடுக்க மனம் வரவில்லை.)

முதலாளி மனோகரன். விற்பனை மேலாளர் நான், அருள்பிரகாசம். மேலாண்மை செய்ய எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது.

நீளமான மேசையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, சூடான இரும்பால் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைப்பார்கள். அந்த வரிசையில் ஒருத்திதான் தேவப்பிரியம். ராயபுரத்துப் பெண். ஓய்வு நேரத்தில் அட்டைப்பெட்டிகளின் மேல் பென்சிலால் எழுத்து வரைவாள். மனோகரனுக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது, பெட்டி ஏன் ரேடியோவைவிட அழகாக இருக்கிறது என்று. விசாரித்தார். கொட்டகையின் மூலையில் ஒரு மேசை போட்டு அவளை உட்காரவைத்தார். "விளம்பரம் வரை. கொஞ்ச நாள் பாப்போம். சரியா வரலைன்னா பழைய எடத்துக்கே போயிடு."

அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு பழுதான ஸ்பீக்கரை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதற்கே அவள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் எரிச்சல் நின்று போயிற்று. அம்மா வியாகுலம்மாள், மகள் அழுத முகத்தோடு வீட்டுக்கு வராததைப் பார்த்துவிட்டு, வேலை போய்விட்டதோ என்று பயந்தாராம்.

* தேவப்பிரியத்துக்கு முதல் வரைவில் ஒரு காதலனைக் கொடுத்திருந்தேன். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை, மீசை எல்லாம் உண்டு. அவன் கதையில் வந்து செய்ததெல்லாம் டீ குடித்ததுதான். அனுப்பிவிட்டேன்.

3

கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்களில் எழுத்துகள் சும்மா நிற்காது. தலைவலித் தைலம் என்றால் எழுத்து தலையைப் பிடித்துக்கொண்டு குனியும். சத்துமாவு என்றால் முதல் எழுத்து நோஞ்சானாகத் தொடங்கி, கடைசி எழுத்து பயில்வானாக முடியும். குல்பிக்கான விளம்பரத்தில் எழுத்திலிருந்து வழிந்த பனி, பக்கத்து விளம்பரத்து மாமியின் மேல் சொட்டி அவருக்குச் சளி பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ரேடியோ விளம்பரங்களுக்கு ஒரு தனி மோஸ்தர். பாறை மேல் ஒரு பெண், கோபுரம் மாதிரிக் கொண்டை, மடியில் ரேடியோ. அதன் வாயிலிருந்து எழுத்துகள் அலை அலையாகக் கிளம்பி, பெரிதாகிக்கொண்டே வந்து, உங்கள் மூக்கில் இடிக்கும். பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான். அந்தப் பெண்ணின் கொண்டைக்குள் எங்கள் சிட்டு ரேடியோக்களில் நாலைந்தை வைத்து அனுப்பலாம், சுங்கத்தில்கூடக் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

தேவப்பிரியம் வேறு மாதிரி யோசித்தாள். அப்போதெல்லாம் 'லை' என்ற எழுத்து, யானை துதிக்கையைத் தூக்கியது மாதிரி இருக்கும். அவள் 'விலை' என்று பெரிதாக எழுதி, அந்தத் துதிக்கையில் தோல் வாரோடு ஒரு சிட்டு ரேடியோவை மாட்டித் தொங்கவிட்டாள். யானை ஒற்றை முடியைத் தூக்குகிற மாதிரி லேசாக இருந்தது. இன்னொன்றில் வெறும் இரண்டு வரி: "இந்தப் பத்திரிகையைக் கையில் தூக்கிப் பாருங்கள். சிட்டு இதைவிடக் கொஞ்சம்தான் கனம்." ராயபுரம் சலூனில் ஆட்கள் பத்திரிகையைக் கையில் வைத்து எடை பார்த்தார்கள். சவரம் பாதியில் நின்றது. (ஒருவர்தான் பார்த்தார். ஆனால் அவருக்குச் சவரம் பாதியில் நின்றது நிஜம்.)

பாராட்டு வந்தது. ஆர்டர் வரவில்லை. மனோகரனுக்குப் பாராட்டை என்ன செய்வதென்று தெரியாது.

4

"முழுப்பக்கம் எடுங்க சார்," என்றாள் தேவப்பிரியம்.

"எடுத்து?"

"நடுவுல ரேடியோ. தீப்பெட்டி மாதிரி. அதும் கீழ சின்னதா ஒரு வரி, படத்தில் இருப்பது நிஜ அளவு."

"மீதி?"

"மீதி ஒண்ணுமில்ல சார். வெள்ளை."

மனோகரன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வெள்ளைக்கு நான் துட்டு குடுக்கணுமா?"

"அவங்கல்லாம் பக்கம் பூரா கூவுறாங்க சார். நம்மது பக்கத்துல காத்தாட ஒக்காந்திருந்தா, எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. எவ்ளோ சின்னதுன்னு நாம சொல்லவே வேணாம். அந்த வெள்ளையே சொல்லும்."

மனோகரன் இதை நான்கு நாள் யோசித்தார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. (சாப்பிட்டார். ராயபுரம் பிரியாணி, இரண்டு வேளையும்.) பிறகு சொன்னார்: "ஒரே தடவை. ஆர்டர் வந்தா மேசை உனக்கு நிரந்தரம். வரலைன்னா மறுநாளே ஈயத்துக்குப் போயிடணும். அப்புறம் அழக்கூடாது."

"அங்க போனாத்தான் சார் அழுவேன்," என்றாள்.

5

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் நடந்தது புரியாது.

அப்போது படத்தை அச்சடிக்க, அதைத் துத்தநாகத் தகட்டில் பொறித்து, கட்டையில் அறைந்து 'பிளாக்' செய்ய வேண்டும். பிளாக் செய்பவர்கள் அளவைப் பார்த்துத்தான் கூலி போடுவார்கள். வெள்ளை இடத்துக்கு யாராவது தகடு வாங்குவார்களா? ஆகவே தேவப்பிரியத்தின் முழுப்பக்க விளம்பரம், தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாக்காக, காகிதத்தில் சுற்றப்பட்டு, ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே இருந்த அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் "சிட்டு ரேடியோ. முழுப்பக்கம்." அவ்வளவுதான். வெள்ளை மட்டும் பொட்டலத்தில் வரவில்லை. அதை எதில் சுற்றி அனுப்புவது?

அங்கே ஃபோர்மன் தங்கப்பாண்டி. 'வெள்ளிவிளக்கு' வார இதழ் அவர் கையால்தான் பக்கம் பக்கமாக உருவாகி வெளியே வரும்.

* தங்கப்பாண்டியை வில்லனாக்க முயன்றேன். கண்ணைச் சிவப்பாக்கினேன். பீடியைக் கொடுத்தேன். மனிதர் பீடியை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, "டீ சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

6

இதழ் வந்தது. தேவப்பிரியம் பக்கத்தைப் புரட்டினாள். நடுவில் அவளுடைய சின்ன ரேடியோ. அதன் வாயிலிருந்து விசிறி மாதிரி விரிந்து பக்கம் முழுக்கத் துணுக்குகள். வெள்ளை என்று ஒரு கொசு உட்காரும் இடம்கூட இல்லை.

தொண்டையில் மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டையை மெல்லாமல் விழுங்கவும். திமிங்கிலத்துக்கும் தொப்புள் உண்டு. வெள்ளைச் சட்டையில் மைக்கறையா, எலுமிச்சம்பழம் தேய்க்கவும். நோயாளி: டாக்டர், எனக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது. டாக்டர்: அப்படியா, நீங்கள் இருவரும் உட்காருங்கள்.

அவள் காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை கோபத்தோடு நடந்தாள். நான் சைக்கிளில் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. (பஸ்ஸில்தான் போனாள். நடந்தாள் என்றால் கோபம் நன்றாகத் தெரிகிறது.)

"அண்ணாச்சி, என் பக்கத்த யாரு மாத்துனது?"

"மாத்தலையே பாப்பா. ரொப்பினேன்," என்றார் தங்கப்பாண்டி. முகத்தில் அவ்வளவு பிரகாசம்.

"அது காலியாத்தான் இருக்கணும்."

"காலியாவா? எதுக்கு?"

"ரேடியோ சின்னதுன்னு தெரியறதுக்கு."

"சின்னதுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுபோச்சு. அதுக்காகப் பக்கம் பூராவும் பட்டினி போடுவாகளா? நான் இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு எடம் சும்மா போனதில்ல. போன வருசம் ஒரு தொடர்கதை. கடைசிப் பக்கத்துல கதாநாயகி செத்துப்போறா. பாதிப் பக்கம் மிச்சம். கீழ, உப்புமா கட்டி தட்டாம இருக்க என்ன செய்யணும்னு போட்டேன். ஒரு வாசகரும் கோவிச்சுக்கலையே."

"எழுதினவரு?"

"அவரு கோவிச்சுக்கிட்டாரு. அவுக வீட்டம்மா அந்த உப்புமாவத்தான் இப்பவும் கிண்டுறாக."

தங்கப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "தீப்பெட்டி கணக்கா ஒரு பிளாக்கு, முழுப்பக்கம்னு சீட்டு. ஒங்க முதலாளி தகட்டுக்குக் காசு குடுக்கல போலிருக்கு, புள்ள மானம் போயிருமேன்னு நெனச்சேன். எங்கிட்ட இருந்ததுல ஒசத்தியாப் பாத்துப் பொறுக்கிப் போட்டேன் பாப்பா. அந்தத் திமிங்கிலம் தீபாவளி மலருக்கு வச்சிருந்தது."

அவள் பக்கத்தை மேசையில் விரித்தாள். விரல் ரேடியோவிலிருந்து துணுக்கு வரிசைகளின் மேலே மெதுவாக நகர்ந்தது.

"இப்பிடி ஏன் விரிச்சீங்க?"

"ரேடியோல்ல. சத்தம் விரியும்ல."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "திமிங்கிலத்த இன்னும் கொஞ்சம் கீழ எறக்கியிருக்கலாம்," என்றாள்.

"நானும் நெனச்சேன்," என்றார் தங்கப்பாண்டி.

7

ராயபுரம் மார்க்கெட் பக்கம் எங்கள் ரேடியோவை விற்கும் கடை ஒன்று. நான் அங்கே இருந்தபோது மீன் விற்கும் கன்னியம்மா, கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். கையில் கிழித்த பக்கம்.

"இன்னா நைனா, இந்த முள்ளு மேட்டர் சொல்ற ரேடியோ கீதா?"

"அது ரேடியோ சொல்றதில்லம்மா," என்றார் கடைக்காரர். "பத்திரிகைல போட்டது."

"எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. அதும் வாயிலேர்ந்துதான வந்துகீது? நல்லாப் பாரு."

கடைக்காரர் நல்லாப் பார்த்தார். வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"எங்கூட்டுக்காரருக்கு நெதம் முள்ளு மாட்டிக்கினு ஒரே பேஜாரு. மீன் புடிக்கத் தெரியும், துன்னத் தெரியாது. குடு அத்த."

"பாட்டு கேக்கலாம்மா, சேதி கேக்கலாம். முள்ளப் பத்தியெல்லாம் சொல்லாது."

"சொல்லாதா? அப்போ வெலயக் கொறச்சிக் குடு."

குறைத்து வாங்கிக்கொண்டுதான் போனார். அவருக்குப் பின்னால் காசிமேடு வரை வரிசை நின்றது. வரிசையின் கடைசி ஆள் கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றார் என்று நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். சரி, நாலைந்து பேர். ஆனால் அந்த வாரம் திருவொற்றியூரிலிருந்தும் பேசின் பிரிட்ஜிலிருந்தும் கடைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள், சிட்டு இருந்தால் கொடு என்று. இதற்கு முன்னால் அவர்கள் என் சைக்கிளைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறவர்கள்.

8

இப்போது தேவப்பிரியம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். மைக்கை அணைத்தது இந்த இடத்தில்தான்.

மனோகரன் எழுந்து நின்றார். ஒரு தொழிலாளிக்காக அவர் எழுந்து நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"பலே ஆளும்மா நீ. எங்கிட்ட வெள்ளை வெள்ளைன்னு சண்டை போட்டுட்டு, கடைசியில கமுக்கமா ரொப்பிட்ட பாரு. உன் யோசனைதானே?"

அவள் பேசுவதற்குள் அவரே தொடர்ந்தார். "மேசை உனக்குத்தான். ஆனா இனிமே எப்பவும் இதே மாதிரி ரொப்பித்தான் வரணும். வேற மாதிரி ஒரு பக்கம் வந்துச்சோ, அன்னிக்கே ஈயம். என்ன, உன் யோசனைதானே?"

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். முதலாளி நெகிழ்ந்துபோகிறார். வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் இது பிடிக்கும். எனக்கு மனோகரனைத் தெரியும். மின்சாரக் கட்டணம் குறைந்தால் தவிர அவர் வேறெதற்கும் நெகிழ்ந்ததில்லை.

முடிவு இரண்டு: "என்னுதுதான் சார்." மேசை நிரந்தரம். தங்கப்பாண்டியும் அவளிடம் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்: "நான் போட்டேன்னு சொல்லாத பாப்பா, ஒன்னோடதுன்னே சொல்லிக்க. எனக்கு எதுக்கு." பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. அதன்பின் ஆயுசுக்கும் பக்கங்களை ரொப்பிக்கொண்டே —

முடிவு மூன்று: "என்னுது இல்ல. எனக்கு வேணவும் வேணாம்," என்று சொல்லிவிட்டு நேரே போய் இரும்பைக் கையில் எடுக்கிறாள். கம்பீரமாக இருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து கண் எரியும். கம்பீரம் என்று படிக்கிறவர்களுக்கு எரியாது.

நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஆகவே கேட்கவில்லை என்று தப்பிக்க வழியில்லை. அவள் மூன்றில் எதையும் சொல்லவில்லை. இப்படிக் கேட்டாள்:

"சார், அடுத்த பக்கத்துக்கு பிரஸ்ஸுக்கு நானே போகட்டா?"

மனோகரன் தனக்கு வேண்டிய பதிலை அதில் கேட்டுக்கொண்டார். "போ போ. தாராளமாப் போ."

9

போனோம். நான் சைக்கிளில், அவள் பஸ்ஸில், கைப்பையில் புதிய பிளாக். அதே ரேடியோ, இந்த முறை பின்பக்கம் தெரிகிற மாதிரி. கீழே ஒரு வரி: "பின்னாலிருந்து பார்த்தாலும் பெரிதாகவில்லை."

அச்சகத்தில் ஒரு கல் மேசை. அதன் மேல் இரும்புச் சட்டம். பக்கத்துக்கான எழுத்தையும் பிளாக்கையும் சட்டத்துக்குள் அடுக்கி, அசையாமல் ஆப்பு வைத்து, சாவியால் முறுக்கிப் பூட்டுவார்கள். பூட்டிவிட்டால் மெஷினுக்குப் போய்விடும்.

தேவப்பிரியம் பிளாக்கைச் சட்டத்தின் நடுவில் வைத்தாள். அதன் வலப்பக்கம் தங்கப்பாண்டி கோத்து நூலால் கட்டிவைத்திருந்த துணுக்குகள், விசிறி விசிறியாக. இரவெல்லாம் உட்கார்ந்து புதிதாகத் தேடியிருக்கிறார். நண்டைப் பற்றி ஒன்று, ஒட்டகத்தைப் பற்றி ஒன்று, பால் பொங்கி வழியாமல் இருக்க ஒன்று. இடப்பக்கம், காலி இடத்தை அடைக்கும் மொட்டைக் கட்டைகள். அவற்றில் எழுத்து கிடையாது, மை படாது. சட்டத்துக்குள் இரண்டில் எதுவும் சரியாகப் பொருந்தும்.

"ரெண்டும் எடுத்து வச்சிருக்கேன்," என்றார் தங்கப்பாண்டி. "நீ கேட்டியேன்னு."

"நான் கேக்கலையே அண்ணாச்சி."

"கேக்கல. முகத்துல தெரிஞ்சுச்சு."

"காலியா விட்டா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

தங்கப்பாண்டி யோசித்தார். "இருக்கும். ஒரு வாரம் சோறு எறங்காது." பிறகு, "அது ஏம் பாடு," என்றார்.

மெஷின்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இன்னா அண்ணாத்தே, பக்கம் வருதா இல்லியா? மெஷின் சும்மா நிக்கிது."

தங்கப்பாண்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அதை வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீயே பூட்டு."

"அப்போ நீங்க கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கங்க. பிரகாசண்ணே, நீங்களும்."

திரும்பிக்கொண்டோம். ஃபோர்மனும் விற்பனை மேலாளரும், தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றோம். சுவரில் ஒரு காலண்டர், யாரோ தேதி கிழிக்க மறந்தது. பின்னால் ஏதோ தூக்கப்பட்டது, ஏதோ வைக்கப்பட்டது. உள்ளே ஓடிய மற்ற மெஷின்களின் சத்தத்தில் ஈய எழுத்தா மரக்கட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு சாவி முறுக்கும் ஓசை. ஒன்று. இன்னொன்று.

"ஆச்சு," என்றாள்.

அடுத்த வாரம் அந்த இதழ் வெளிவந்தது, நானும் வாங்கினேன். என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையில் சலூனுக்கும் வரிசைக்கும் பஸ்ஸுக்கும் நான் என்னென்ன செய்தேன் என்று நீங்களே பார்த்தீர்கள். அவள் பூட்டிய பக்கத்தில் என் கை படுவது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே நான் சுவர்ப்பக்கமே நிற்கிறேன். தங்கப்பாண்டியும் பக்கத்தில்தான் நிற்கிறார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கல் மேசையருகே அவளோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். மெஷின்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவதற்குள் குனிந்து பார்த்துவிடுங்கள். அச்சு எழுத்து இடவலம் மாறித் தெரியும், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்; படிக்க ஏதாவது இருந்தால்.

அவள் முகத்தையும் பாருங்கள்.

பார்த்தாயிற்றா? நாங்கள் திரும்பலாமா?